ஓட்டக்கார நாய்க்குத் தரை ஏன் உறுத்துகிறது?

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கிரேஹவுண்ட் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. மூன்று பேர் உட்காரும் சோபாவில் நாய் கால் நீட்டிப் படுத்துவிடுகிறது. வீட்டுக்காரர்கள் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். கிரேஹவுண்டும் வேறு இனமும் கலந்து பிறக்கும் லர்ச்சர் நாய்களுக்கும் இதே பழக்கம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய ஒரு பிராணி நாளின் பெரும்பகுதியை மெத்தையில் கழிப்பதைப் பார்க்கிறவர்கள் அதைச் சோம்பேறி என்கிறார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று வளர்ப்பவரையும் குறை சொல்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. அந்த நாயை அப்படி ஓட வைக்கிற உடம்புதான் அதைத் தரையில் படுக்க விடாமலும் செய்கிறது.

முதலில் அந்த ஓட்டத்தைப் பார்ப்போம். கிரேஹவுண்டின் ஒவ்வொரு தாவலிலும் நான்கு கால்களும் ஒருசேர இரண்டு முறை தரையை விட்டு எழுகின்றன. முதுகெலும்பு வில்லாக வளைந்து கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடும்போது ஒரு முறை. உடல் முழுதாக நீண்டு பறக்கும்போது இன்னொரு முறை. குதிரையின் பாய்ச்சலில் இது ஒரு முறைதான் நடக்கும். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜிம் அஷர்வுட், ஆலன் வில்சன் இருவரும் 2005ல் 'நேச்சர்' இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். மனிதர்கள் வளைவில் ஓடும்போது காலில் ஏறும் சுமை கூடுவதால் வேகம் குறைகிறது. கிரேஹவுண்டோ வளைவிலும் தன் கால் பதியும் நேரத்தை மாற்றுவதில்லை. அதனால் அதன் கால்கள் சுமார் 65 விழுக்காடு கூடுதல் விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது, தாங்குகின்றன. சைக்கிள் மிதிப்பவரின் எடையை இருக்கை சுமக்க, அவர் தொடைகள் விசையை மட்டும் தருவதுபோல, இந்த நாயிலும் எடை தாங்கும் பாகம் வேறு, உந்தித் தள்ளும் பாகம் வேறு என்பது அவர்கள் தந்த விளக்கம். உந்துவது இடுப்பைச் சுற்றியுள்ள தசை. கால்கள் வெறும் எலும்பும் தசைநாருமாக மெலிந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆகவே கிரேஹவுண்டின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 விழுக்காடு, தசை. மற்ற நாய்களில் அது 44 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. தோல் மெல்லியது, முடி குட்டையானது, பல நாய்களுக்குக் குளிர் தாங்க உதவும் உள்முடி இதற்கு இல்லை என்றே சொல்லலாம். இந்தக் கணக்கை ஓடுகளத்திலிருந்து எடுத்து ஒரு வீட்டுக் கூடத்துக்குள் வையுங்கள். தரையில் படுக்கும் லேப்ரடாருக்கு உடம்பிலேயே ஒரு மெத்தை இருக்கிறது. கிரேஹவுண்டுக்கு முழங்கை, இடுப்பெலும்பு, தோள்பட்டை முனை எல்லாம் நேராகத் தரையில் குத்தி நிற்கின்றன. முழங்கையில் தோல் காய்ப்பேறுவதும், நீர் கோத்து வீங்குவதும், புண்ணாவதும் கடினமான தரையில் படுக்கும் இந்த வகை நாய்களுக்கு வரும் வழக்கமான தொல்லைகள். உள்ளங்காலில் கால் ஆணி வருவதும் மற்ற இனங்களைவிட இதற்குத்தான் மிக அதிகம். கூடவே, குளிர்ந்த தரை உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

ஒரு கிரேஹவுண்ட் படுப்பதை உன்னிப்பாகப் பார்த்தால் இது விளங்கும். முதலில் இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். முன்கால்களால் போர்வையைப் பறண்டிக் குவிக்கும். முன்பக்கம் மெதுவாகத் தாழும்; பின்பக்கம் சற்றுத் தயங்கி அந்தரத்தில் நிற்கும்; பிறகு மொத்த உடம்பும் பக்கவாட்டில் பொத்தென்று சாயும். பல கிரேஹவுண்டுகள் மற்ற நாய்களைப்போலப் பின்பக்கத்தை ஊன்றி உட்காரவே விரும்புவதில்லை. தொடையில் திரண்டிருக்கும் தசைக்கும் நீண்ட எலும்புகளுக்கும் அந்த நிலை சுகப்படுவதில்லை. ஆகவே நிற்கும், இல்லையென்றால் படுக்கும். ஆழ்ந்து இளைப்பாறும்போது மல்லாந்து, கால்களை நாலு திசையிலும் மேலே நீட்டி, கழுத்தைச் சோபாவின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டபடி தூங்கும். அந்த நிலையில் எலும்பு முனை எதுவும் அழுந்துவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவ்வளவு தூக்கம் ஏன்? வழக்கமான 480 மீட்டர் பந்தயம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 300 வரை ஏறும். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸையும் தாண்டும். இந்தத் தசை வேகமாகச் சுருங்கி வேகமாகக் களைக்கும் இழைகளால் ஆனது. நாள் முழுக்க மந்தையின் பின்னால் ஓடும் கோலி நாயின் உழைப்பு இதற்கு ஒத்துவராது. முயலைக் கண்ணால் கண்டதும் பாய்வது, பிடித்தாலும் விட்டாலும் ஓய்வது என்பதற்காகவே இதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு நிதானமான நடை, பாதுகாப்பான இடத்தில் எப்போதாவது ஒரு ஓட்டம் இருந்தால் பெரும்பாலான கிரேஹவுண்டுகளுக்குப் போதும்.

இந்தத் தூக்கமும் இந்த உடம்பும் மருத்துவரைக்கூட ஏமாற்றியிருக்கின்றன. நாய் எப்போதும் தூங்குகிறது, தொடையின் பின்புறம் முடி உதிர்ந்து வழுக்கையாக இருக்கிறது என்று உரிமையாளர் சொல்கிறார். ரத்தத்தைச் சோதித்தால் தைராய்டு சுரப்பு குறைவு. தைராய்டு குறைபாடு என்று முடிவு கட்டிக் காலம் முழுவதும் மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் நலமாக இருக்கும் கிரேஹவுண்டின் இயல்பான அளவே மற்ற நாய்களைவிடக் குறைவு. சிவப்பணுக்களோ நேர்மாறாக அதிகம். ரத்தத்தில் 60 விழுக்காடு வரை அவையே இருப்பதும் இந்த இனத்தில் அதிசயமில்லை. இதயம் பெரிது, லேசான முணுமுணுப்பு ஒலியும் கேட்கலாம். பொதுவான நாய் அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான கிரேஹவுண்ட் நோயாளியாகத் தெரியும். தேவையில்லாத மாத்திரையை விழுங்க வைப்பதைவிட, இனத்துக்குரிய அளவுகள் தெரிந்த மருத்துவரைத் தேடுவது எவ்வளவோ மேல்.

மயக்க மருந்தின் கதை இன்னும் சுவையானது. தயோபென்டால் என்ற மருந்து கொடுத்தால் மற்ற நாய்கள் சீக்கிரம் எழுந்துவிடும். கிரேஹவுண்டுகளோ பல மணி நேரம் தெளியாமல் கிடந்தன. கொழுப்பில் கரையும் மருந்து, இந்த நாயிடம் அதைச் சேர்த்துவைக்கக் கொழுப்பு இல்லை, ஆகவே ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் விளக்கினார்கள். கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியே இந்த இனத்தில் மந்தமாக வேலை செய்கிறது என்பது 1980களிலிருந்து படிப்படியாகத் தெரியவந்தது. 2020ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நொதிக்கான மரபணுவிலேயே மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். கோல்டன் ரெட்ரீவர் போன்ற வேறு சில இனங்களிலும் அது சிறு அளவில் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் கழித்து ரத்தம் கசிவதும் கிரேஹவுண்டுகளில் காணப்படுகிறது. உறைந்த ரத்தக்கட்டி சீக்கிரம் கரைந்துவிடுவது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிரேஹவுண்ட் வைத்திருப்பவர்கள் இவ்விரண்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

சோபாவைப் பிடிப்பதற்கு உடம்பு மட்டும் காரணமல்ல, வளர்ந்த இடமும்தான். இயந்திர முயலைத் துரத்தும் நவீனப் பந்தயத்துக்கு அமெரிக்கர் ஓவன் பாட்ரிக் ஸ்மித் 1919ல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் வழி திறந்தார். பிரிட்டனில் முதல் பந்தயம் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் நடந்தது. அப்போதிருந்து இந்த நாய்களின் வாழ்க்கை கொட்டடியில் கழிகிறது. அங்கே பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். தரையை விட்டு உயர்ந்த பலகையில், துண்டுத் தாளோ வைக்கோலோ பரப்பிய படுக்கையில் தூங்கும். மூன்று நான்கு வயதில் ஓய்வு பெற்று ஒரு வீட்டுக்கு வரும்போது அது மாடிப்படியைக் கண்டிருக்காது, கண்ணாடிக் கதவைக் கண்டிருக்காது. பல நாய்கள் முதல் படியிலேயே உறைந்து நிற்கும். அந்தப் புதிய வீட்டில் அதற்கு அர்த்தம் விளங்கும் பொருள் ஒன்றுதான்: தரையை விட்டு உயர்ந்த, மெத்தென்ற, பக்கத்தில் ஆள் இருக்கிற ஒரு மேடை. இத்தனை குழப்பத்துக்கு நடுவே அது சோபாவைக் கண்டுகொள்வதில் எனக்கு வியப்பே இல்லை.

சோபாவில் ஏறும் நாய் உங்களை ஆளப் பார்க்கிறது என்று எச்சரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர் 1947ல் ருடால்ஃப் ஷெங்கல் அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வில் இருக்கிறது. அதை 1970ல் தன் நூலின் வழியாகப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் பிள்ளைகளுமான குடும்பம்தான் என்று பின்னாளில் திருத்திக்கொண்டார். நாய் மேலே ஏறுவது அங்கே சுகமாக இருப்பதால். கீழே இறங்கச் சொல்ல வேண்டுமானால் ஒரு தின்பண்டத்தைக் காட்டி அழைத்தால் போதும். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். தூங்குவதை அறியாமல் தொட்டால் திடுக்கிட்டு உறுமலாம், பல்லால் கவ்வவும் செய்யலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிய பிறகே தொடக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும்.

லர்ச்சருக்கு இந்த உடம்போடு மூளையும் சேர்கிறது. கோலி அல்லது டெரியர் ரத்தம் கலந்த இந்த நாய்களை நாடோடிகளும் திருட்டு வேட்டைக்காரர்களும் சத்தமில்லாமல் முயல் பிடிக்க வளர்த்தார்கள். 2004ல் லண்டன் பேட்டர்ஸி நாய்கள் காப்பகத்தில் காலையில் வந்த ஊழியர்கள் கூண்டுகள் திறந்து கிடப்பதையும் சாப்பாடு சூறையாடப்பட்டதையும் கண்டார்கள். கேமரா வைத்தபோது, ரெட் என்ற லர்ச்சர் பல்லால் தாழ்ப்பாளைத் தள்ளி வெளியே வந்து, தன் நண்பர்களின் கூண்டுகளையும் திறந்துவிடுவது பதிவானது. இப்படிப்பட்ட நாயிடமிருந்து சோபாவைக் காக்க நாற்காலியைக் கவிழ்த்து வைப்பதெல்லாம் வீண்வேலை.

நம் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் இதே வகை உடம்புதான்: கண்ணால் வேட்டையாடும் நாய், ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, மெல்லிய தோல். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் காட்டில் மண்ணில் குழி பறித்துப் படுத்த நாய்களை இப்போது நகரத்துச் சிமெண்டுத் தரையில் கட்டிப்போட்டு, முழங்கை ஏன் காய்ப்பேறுகிறது என்று கேட்கிறோம். நாலாக மடித்த சாக்கு, அதன் மேல் ஒரு பழைய ஜமுக்காளம் போட்டாலும் போதும்.

பிரிட்டனில் பந்தய மைதானங்கள் ஒவ்வொன்றாக மூடி வருகின்றன. பெல் வியூவில் பந்தயம் 2020ல் நின்றது. 2024 டிசம்பரில் நியூசிலாந்தும், 2025 பிப்ரவரியில் வேல்ஸும் பந்தயத்தைத் தடை செய்யும் முடிவை அறிவித்தன. இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் களத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு வேண்டும். அப்படி ஒன்றைக் கொண்டுவருகிறவர்கள், சோபாவை விட்டுத் தர மனமில்லை என்றால், எலும்பு தரையில் தட்டாத அளவுக்குத் தடித்த மெத்தை ஒன்றை வாங்கட்டும். அதை நடைவழியிலோ சமையலறை மூலையிலோ போடாமல், வீட்டார் உட்காரும் அறையிலேயே, சோபாவை ஒட்டிப் போடட்டும். கொட்டடியில் துணையோடு தூங்கிப் பழகிய நாய், எவ்வளவு நல்ல மெத்தை என்றாலும் ஆளில்லாத அறையில் அதில் தங்காது.