நேர்முகப் பரீட்சையில் வினாவும் நடுவுநிலையும்

ஒரு பதவிக்கு உரியவரைத் தெரிவு செய்தல் எளிய கருமமன்று. விண்ணப்பம் ஒருவரின் கல்வித் தகுதியைக் காட்டும். நற்சான்றுப் பத்திரம் அவரது முன்னைய சேவையைக் காட்டும். இவ்விரண்டாலும் அறிய இயலாத ஆற்றலை நேரிற் கண்டு அறிதற்பொருட்டே நேர்முகப் பரீட்சை நடத்தப்படுகின்றது. ஆயின், அங்கே வினவப்படுவன யாவும் அந்நோக்கத்துக்கு உதவுவனவா? வேற்றுமை பாராட்டுதற்கு வழி திறக்கும் வினாக்கள் எவை, அவற்றைத் தவிர்க்குமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் தெரிவுக் குழுவில் அமரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கணித ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர் கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றைத் தெளிவுற விளக்கினார். அவரோடு அளவளாவும் எண்ணத்துடன், "தம்பி எந்த ஊர்? எந்தக் கோயிலடி?" என்று கேட்டேன். ஊரின் பெயரைக் கூறியவர் மற்றதற்கு விடை கூறாது மேசையை நோக்கியிருந்தார். அதன்பின் அவர் குரல் முன்போல் எழவில்லை. யாழ்ப்பாணத்திலே கோயிலையும் வீதியையும் கேட்டாற் சாதி வெளிப்படும் என்பதை அவர் அறிவார், நானும் அறிவேன். பதவி வேறொருவருக்குக் கிடைத்தது. என் வினாவின் விடையோ விடையின்மையோ எவருடைய உள்ளத்திலேனும் நின்று தொழிற்பட்டதா என்பதை இன்றுவரை என்னாற் கூற இயலவில்லை. அந்த ஐயத்துக்கு இடந்தந்ததே அவ்வினாவின் குற்றம்.

தீய எண்ணத்துடன் கேட்கப்படும் வினாவை இனங்காண்டல் எளிது. அன்பின் வடிவில் வருவதே இடர் தருவது. கேட்பவரின் உள்ளத்தை விடையிறுப்பவர் அறியார். வினாவை மட்டுமே அறிவார். மேலும், ஒருமுறை அறிந்ததை அறியாததாக்குதல் எவர்க்கும் இயலாது.

சட்டத்தின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதி காரணமாக ஒருவர்மீது சமூகத் தடை விதித்தலைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவை காரணமாகப் பிரசைக்கு ஓரவஞ்சனை செய்தலை விலக்குகின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனமுடையோர்க்கு அவ்வூனம் காரணமாக வேலைக்குச் சேர்ப்பதில் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கின்றது. எனினும், அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் வழி அரச நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே உண்டு. தனியார் தாபனமொன்றின் அறையில் எழும் வினாவுக்கு அவ்வழி திறவாது. ஆங்கே வினவுவோரின் மனச்சான்றே பெரிதும் காவலாகும்.

தகும் வினாவையும் தகாத வினாவையும் பிரித்தறிதற்குரிய அளவுகோல் ஒன்றே: அவ்விடை பதவியின் கடமையோடு தொடர்புடையதா? மேற்காட்டிய 12ஆம் உறுப்புரையும் இவ்வளவுகோலைக் கொண்டுளது. கடமைக்கு நியாயமாகத் தேவைப்படுமிடத்து அரச பதவிக்கு மொழியறிவை வேண்டலாம் என்கின்றது. இலங்கை 1998இல் ஏற்றுறுதி செய்த சருவதேசத் தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயமும் (1958), தொழிலின் இயல்பே வேண்டிநிற்கும் தகுதியைக் கோருதல் ஓரவஞ்சனை ஆகாது என்கின்றது. ஆதலால், "உமது தாய்மொழி யாது?" என்பது தகாது, "சிங்களத்திற் கடிதம் எழுத வல்லீரா?" என்பது, பதவிக்கு அது வேண்டப்படின், தகும்.

பெண் விண்ணப்பதாரரிடம் திருமணம் பற்றியும் பிள்ளைகள் பற்றியும் கேட்பது நம்மிடையே பெருவழக்கு. கேட்போர் அறிய விரும்புவது பெரும்பாலும் வேலைக்கு ஒழுங்காக வருவாரா என்பதே. அங்ஙனமாயின், "வாரத்தில் இருநாள் மாலை ஐந்து மணிவரை விளையாட்டுப் பயிற்சிக்கு நிற்றல் வேண்டும், அதற்கு இயலுமா?" என்று ஆண் பெண் இருபாலாரிடமும் ஒருபடித்தாகக் கேட்டல் வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்கப்படுமாயின் நல்ல வினாவும் தீயதாகிவிடும். கண்பார்வை குன்றியவரிடம் அக்குறை எப்போது நேர்ந்தது என்று கேளாது, "மாணவரின் எழுத்து வேலையை எவ்வாறு திருத்துவீர்?" என்று கேட்கலாம். முன்னது நோயை ஆராய்கின்றது; பின்னது தொழிலை ஆராய்கின்றது. மலையகத்தினின்று வருபவரிடம் "தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்?" என்பதும், முகவரியைக் கொண்டு குடும்பத்தை ஆராய்தலும் கோயிலடி வினாவின் உடன்பிறப்புகளே.

நடைமுறையிற் கொள்ளத்தக்கன சில உள. பதவியின் கடமைகளை முதலில் எழுதி, அவற்றினின்றும் வினாக்களை ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அவ்வினாக்களையே எல்லாரிடமும் ஒரே ஒழுங்கிற் கேட்டு, ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் புள்ளியைத் தனித்தனியே இட்ட பின்னரே கலந்துரையாடல் வேண்டும். விண்ணப்பதாரர் தாமாகவே குடும்பச் செய்தி கூறின், அதனைக் குறித்தலும் தொடர்ந்து வினவுதலும் ஆகா. தேநீர் அருந்தும்போது நிகழும் உபசார உரையும் பரீட்சையின் ஒரு பகுதியே என்பதை மறத்தல் கூடாது. பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றைத் தெரிவு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

திருக்குறளிலே 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம் குடிப்பிறப்பையும் கூறுகின்றது என்பர் சிலர். உண்மையே. ஆயினும் அவ்வதிகாரமே, ஒருவரின் பெருமை சிறுமைகளை உரைத்துப் பார்க்கும் கல் அவரவர் செயலே என்றும் தெளிவுறுத்துகின்றது. அன்று அவ்விளைஞர் தேற்றத்தை விளக்கியபோதே நான் அறியவேண்டியது முழுவதையும் அறிந்துவிட்டேன். அங்கே நிறுத்தியிருத்தல் வேண்டும். இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் நாளை மேசையின் இப்பக்கத்தில் அமர்வர். அவர்கள் அவ்விடத்தில் நிறுத்தக் கற்பாராக.