தறிச் சத்தத்துல ஒரு தோடி!

இப்போ உங்க இயர்போன்ல என்ன ஓடுது? அனிருத்தா? தப்பே இல்லை. அதைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுட்டு வாங்க, ஆரணிக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

பட்டுச் சேலைக்குப் பேர் போன ஊர். நெசவாளர் தெருவுல நடந்தா, 'டடக்... டடக்'னு வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அந்த வீட்டுல இருந்து காலேஜுக்கு வர்ற ஃப்ரெண்டுகிட்ட, "கர்னாடக சங்கீதம் கேப்பியாடா?"னு கேட்டுப் பாருங்க. "அதெல்லாம் மெட்ராஸ் சபாக்காரங்க சமாச்சாரம் மச்சி"ன்னுதான் அநேகமா பதில் வரும்.

அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. ஆரணியில பஸ் ஏறி ஆற்காடு போய், பாலாற்றைத் தாண்டினா வாலாஜாபேட்டை. தியாகராஜரோட (1767-1847) நேரடி சிஷ்யர் வேங்கடரமண பாகவதர் (1781-1874) வாழ்ந்த ஊர். நெசவைக் குலத்தொழிலா வெச்சிருந்த சௌராஷ்டிர சமூகத்துக்காரர் அவர். அந்தச் சமூகத்துக் குடும்பங்கள் ஆரணியிலயும் உண்டு. முதல்ல அவர் இருந்தது தஞ்சாவூர் பக்கம் அய்யம்பேட்டை. திருவையாறுல குருகிட்ட பாடம். அப்புறம்தான் வாலாஜாபேட்டை வாசம்.

அவரும் பாட்டு கட்டியிருக்கார். ஆனா அதைவிடப் பெரிய காரியம், குருவோட பாட்டை எழுதி வெச்சது. ரெக்கார்டிங்னு ஒண்ணு இல்லாத காலம் பாஸ்! பாடினவர் போனா பாட்டும் போச்சு. பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் கீர்த்தனைகளையும் தியாகராஜரின் வாழ்க்கைக் கதையையும் எழுதிக் காப்பாத்தினாங்க. அந்தக் கையெழுத்துப் பிரதிகள் பிற்பாடு மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. தியாகராஜரை ஆராய்ச்சி பண்றவங்க இன்னிக்கும் வாலாஜாபேட்டை ஏடுகளைத் தேடித்தான் வரணும். இப்போ சொல்லுங்க, இது யார் சமாச்சாரம்?

ஒரு வார்த்தையைக் கவனிங்க: கோர்வை. காஞ்சிபுரத்துல உடல் ஒரு கலர், கரை வேற கலர்னு மூணு நாடா விட்டு இணைச்சு நெய்யறது கோர்வைச் சேலை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை முடிக்க, ஒரே கணக்கை மூணு தடவை அடிச்சு 'டக்'னு இடத்துல வந்து உட்கார்றதும் கோர்வை!

சரி, சமீபத்துல நான் கேட்டதுக்கு வர்றேன். முதல்ல திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நாகஸ்வரத்துல தோடி. பழைய கிராமபோன் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான். 'கர்ர்'னு ஒரு இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கங்க. அந்தச் சின்ன இடத்துக்குள்ள ஒரு கோயில் தேரையே இழுத்துட்டு வந்துடுவார்.

அடுத்து மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014). கிடார் பைத்தியங்கள் இங்கே ஆரம்பிக்கலாம். தொடையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க, எட்டே எண்ணிக்கைதான். எங்கே தப்பவிடறீங்கன்னு பாருங்க, செம கேம்!

மூணாவது எம்.டி.ராமநாதன் (1923-1984). கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி குரல். அவசரமே கிடையாது. தறியில உட்கார்ந்துக்கிட்டு மட்டும் இவரைக் கேக்காதீங்க, மிதியில கால் நின்னுடும். ராத்திரி, லைட்டை அணைச்சுட்டு, ஊர்த் தறியெல்லாம் ஓய்ஞ்ச பிறகு போடுங்க.