தலை எண்ணித்தான் சாலையா?

வாக்குப் பெட்டிக்கு வழி பிறக்கிறது. வயிற்றுவலிக்காரனுக்கு வழி பிறக்கவில்லை. இந்த வேதனையை நாட்டுக்கு எடுத்துக்காட்டிய ஊர், நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தை அடுத்த போதமலை.

2021 சட்டமன்றத் தேர்தல். வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகச் சுமந்து, கல்லும் முள்ளும் மிதித்து அந்த மலை ஏறினார்கள். வண்டி ஏறும் பாதை அங்கு இல்லை. தேர்தலுக்கு ஒருநாள் பட்ட அந்தப் பாட்டை, மலைமக்கள் ஆண்டு முழுதும் பட்டார்கள். அரிசி மூட்டை தலையில், நோயாளி தூளியில்! சாலைப் பணி அங்கே தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

போதமலைக்குக் காப்புக்காடு ஒரு தடை. நாடெங்கும் உள்ள சிற்றூர்களுக்கு வேறொரு தடை உண்டு. அதுதான் தலைக்கணக்கு.

2000 டிசம்பரில் மைய அரசு கிராமச் சாலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. திட்டம் நல்லது; மறுக்கவில்லை. ஆனால் அது வகுத்த அளவுகோல் என்ன? சமவெளியில் 500 பேர் வாழ்ந்தால்தான் சாலை. மலை மாநிலங்கள், பாலைநிலம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பழங்குடிப் பகுதிகள், இவற்றுக்கு 250 பேர் போதும். தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இங்கே இல்லை. கொல்லிமலை உண்டு, கல்வராயன் உண்டு, சவ்வாது உண்டு. மலைக்குரிய சலுகைதான் இல்லை! செங்குத்து மலையைச் சமவெளிக் கோலால் அளந்தது தில்லி.

2024 செப்டம்பரில் அத்திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய். தொகை பெரிதுதான். ஆனால் எந்தக் கணக்கைக் கொண்டு ஊரைத் தேர்ந்தார்கள்? 2011ஆம் ஆண்டுக் கணக்கை!

நூறு பேருக்காக மலையைக் குடைவதா என்று கேட்போர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: 2009 தேர்தலில், குசராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தார்களே, அது வீண் செலவா? இல்லை, அது அவருடைய உரிமை. ஒருவனுடைய வாக்குக்கு உள்ள மதிப்பு, நூறு பேருடைய உயிருக்கு இல்லையா?

ஆள் குறைவு என்பதால் பாதை இல்லை. பாதை இல்லை என்பதால் ஆள் குறைகிறது. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப முடியாதவன், பிள்ளைப்பேற்றுக்கு மனைவியைக் கொண்டுசெல்ல முடியாதவன், திருப்பூர் பனியன் ஆலைக்கு மூட்டை கட்டுகிறான். ஊரில் தலை குறைகிறது. குறைந்ததைக் காட்டியே கோப்பை மூடுகிறார்கள். என்ன நீதி இது!

நம் சாதனைக்கும் இதுவே உரைகல். 1997இல் சிற்றுந்துத் திட்டம் கொண்டுவந்தோம். 2021 மே மாதத்தில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெருமைதான். ஆனால் பேருந்தே ஏறாத மலையில் வாழும் தாய்க்குச் சீட்டு இலவசம் என்றால் என்ன பயன்?

தோழர்களே! 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு எடுப்பதாக 2025 ஜூனில் அரசிதழில் அறிவித்தார்கள். பிழைப்புக்குப் போனவனைத் தவிர்த்துவிட்டு எழுதும் எண்ணை வைத்து அடுத்த பத்தாண்டும் நம்மை அளக்க விடலாமா?

மே முதல் நாள் உழைப்பாளர் திருநாள். தமிழகத்தில் கிராமசபை கூடும் நாளும் அதுவே. சாலையற்ற குடியிருப்புகளின் பெயர்களை எழுதிச் செல்லுங்கள். எத்தனை வீடு, தார்ச்சாலை எத்தனை தொலைவு, மருத்துவமனை எத்தனை தொலைவு என்று எழுதித் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தலையை மட்டுமல்ல, தொலைவையும் எண்ணு என்று கேளுங்கள்.

வாக்குக் கேட்க நடந்த அதே ஒற்றையடிப் பாதையில், வழி கேட்கவும் நடப்போம்!