வாசிக்கப்படாத பிரதியின் விலை

தாயார் காலமானபின் அவருடைய வீட்டுப் பரணை ஒழிக்கப் புகுந்த மூன்று சகோதரர்கள், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து சில சித்திரக்கதைப் புத்தகங்களை வெளியே எடுத்தார்கள். கலிபோர்னியாவின் வடபகுதியில் 2024-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இந்தச் சம்பவத்தின் பலன் மறு ஆண்டு நவம்பரில் ஹெரிடேஜ் ஏலக் கம்பெனியின் மேடையில் தெரியவந்தது. 1939-ல் பத்து சென்ட் விலைக்கு விற்ற 'சூப்பர்மேன்' முதல் இதழின் பிரதியொன்று அந்தப் பெட்டியில் இருந்தது. அது 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

பழையது என்றாலே விலை போகும் என்று இத்தகைய செய்திகளைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. நூறு நூற்றைம்பது வயதான பைபிள்களும் அகராதிகளும் மேல்நாட்டுப் பழைய புத்தகக் கடைகளில் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கியவர்கள் அவற்றைப் பக்தியோடும் மரியாதையோடும் வைத்துக் காப்பாற்றியதால் இன்றும் அவை ஏராளமாக இருக்கின்றன. காமிக்ஸ் புத்தகத்தின் தலையெழுத்து நேர்மாறானது. படித்தபின் எறிவதற்கென்றே மட்டமான காகிதத்தில் அச்சிடப்பட்டு, எறியத்தக்கதென்றே பெரியவர்களால் தீர்ப்பளிக்கப்பட்டு, பெரும்பாலும் எறியப்பட்டும் போன ஒரு வஸ்து, தப்பித்தவறி எங்கோ ஒரு மூலையில் நின்றுவிட்டதனால் அடைந்த மதிப்பே காமிக்ஸ் சேகரிக்கும் பொழுதுபோக்கின் அஸ்திவாரம்.

1938 ஜூன் மாதத் தேதியிட்டு ஏப்ரலிலேயே கடைகளுக்கு வந்துவிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழை உதாரணமாகக் கொள்ளலாம். கிளீவ்லண்ட் நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகல் என்ற கதாசிரியரும் ஜோ ஷூஸ்டர் என்ற சித்திரக்காரரும் படைத்த சூப்பர்மேன், ஒரு மோட்டார் காரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் படத்தை அட்டையில் தாங்கிய அந்த இதழில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பிரதிகள் அச்சாயின. அந்தக் கதாபாத்திரத்தின் உரிமைக்காக இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 130 டாலர். அந்தத் தொகையையும் உள்ளடக்கி அவர்களுக்கு எழுதப்பட்ட காசோலைத் தாளே 2012-ல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். படைத்தவனுக்குக் கொடுத்த கூலியைக் காட்டிலும் கூலி கொடுத்ததற்கான சாட்சிக்கு அதிக விலை கிடைத்த விநோதத்தை வேறு எந்தத் துறையில் காண முடியும் என்று தெரியவில்லை.

இரண்டு லட்சத்தில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் நூறு பிரதிகளே என்று இத்துறையில் பழகியவர்கள் மதிப்பிடுகிறார்கள். மற்றவையெல்லாம் எங்கே போயின? விற்காமல் தங்கிய இதழ்களின் அட்டையில் மேற்பகுதியைக் கிழித்து அனுப்பினாலே கடைக்காரருக்குப் பணம் திரும்பிவிடும் என்பது அக்காலத்து வியாபார வழக்கமாதலால், அவற்றில் பல அங்கேயே ஊனமுற்றன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, காகிதம் சேகரித்துக் கொடுப்பது தேசபக்தியின் அடையாளமென்று பள்ளிக்கூடங்களில் போதிக்கப்பட்டபடியால், சிறுவர்கள் தங்கள் இதழ்களைத் தாங்களே வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் வேறொரு கெட்டகாலம் பிறந்தது. குழந்தைகளின் ஒழுக்கம் கெடுகிறதென்ற பீதியால் 1948-ல் சில ஊர்களில் அவற்றைக் குவித்துவைத்துத் தீ மூட்டினார்கள். 1954-ல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல வைத்தியர் இவற்றைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்க செனட் சபையின் துணைக்கமிட்டி விசாரணை நடத்தியது. பிரசுரகர்த்தர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். இத்தனை உபத்திரவங்களுக்கும் தப்பியவற்றை, பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபின், வீட்டை ஒழுங்குபடுத்திய தாய்மார்கள் குப்பையில் சேர்த்தார்கள்.

காகிதத்தின் சுபாவமும் இவற்றுக்குச் சத்துருவாகவே அமைந்தது. மரத்தை அரைத்துச் செய்த மலிவான கூழில் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் தங்கியிருக்கும்; வெளிச்சமும் காற்றும் வெப்பமும் படப்பட அது சிதைந்து, காகிதத்துக்குள்ளேயே அமிலம் ஊறி, வெண்மை மங்கிப் பழுப்பேறி, கடைசியில் விரல் பட்ட இடம் உதிர்கிற நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே எறியாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது. எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்பதே முக்கியம். இதற்குச் சான்றாகச் சேகரிப்பவர்கள் எல்லாரும் சொல்வது எட்கர் சர்ச்சின் கதை. டென்வர் நகரத்தில் விளம்பரச் சித்திரங்கள் வரைந்து பிழைத்த அவர், தம் தொழிலுக்கு மாதிரியாகப் பயன்படும் என்று பல ஆண்டுகள் இதழ்களை வாங்கி வீட்டில் அடுக்கிவைத்தார். உயரமான அந்த ஊரின் குளிர்ந்த வறண்ட காற்றும், ஒன்றன்மேல் ஒன்றாக இறுக அடுக்கியதனால் வெளிச்சம் உள்ளே புகாமல் இருந்ததும் சேர்ந்து அவற்றைக் கடையிலிருந்து வந்த கோலத்திலேயே நிறுத்திவிட்டன. 1977-ல் சக் ரொஸான்ஸ்கி என்ற இளம் வியாபாரி, பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட அந்த இதழ்களை அவருடைய குடும்பத்தாரிடமிருந்து வாங்கினார். 'மைல் ஹை' சேகரம் என்று பெயர் பெற்றுவிட்ட அதிலிருந்து வந்தது என்று நிரூபிக்கப்பட்டால், அந்தப் பூர்வீகத்துக்காகவே ஒரு பிரதிக்குத் தனி விலை உண்டு.

இனித் தரம் பார்க்கும் வித்தைக்கு வருவோம். பெண் பார்க்க வந்த சம்பந்தி அம்மாளின் கண்கூட இவ்வளவு குற்றம் கண்டிராது. அட்டையின் முதுகில், இரண்டு பின்களுக்கு அருகே, திறந்து படித்ததனால் விழும் மயிரிழைக் கோடுகளை முதலில் எண்ணுகிறார்கள். அந்தக் கோடு வண்ணத்தை உடைத்து வெள்ளை தெரிந்தால் குற்றம் பெரிது, தெரியாவிட்டால் சிறிது. பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா, துரு காகிதத்தில் இறங்கியிருக்கிறதா, நடுத்தாள் கழன்றிருக்கிறதா, மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா, தபாலில் அனுப்புவதற்காக நெடுக மடித்த தடம் இருக்கிறதா, ஈரம் பட்ட கறை உண்டா, பக்கங்கள் வெள்ளையா, தந்தநிறமா, பழுப்பா என்றெல்லாம் பார்த்தபின்பே விலைப் பேச்சு. இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ண வேண்டும். இதைச் செய்யாமல் ஏமாறுகிறவர்கள் அநேகம்.

1974 நவம்பர் தேதியிட்ட 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழ் இதற்கு நல்ல பாடம். இன்று உலகப் பிரசித்தி பெற்ற வுல்வரின் என்ற கதாபாத்திரம் முழு அளவில் முதன்முதலாகத் தோன்றியது அதில்தான். அந்த நாளில் மார்வெல் கம்பெனியார், தங்கள் இதழ்களின் உட்பக்கத்தில் ஒரு சிறு முத்திரைப் படத்தை அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேகரிக்கும்படி வாசகர்களுக்கு அழைப்பு விடுத்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்ட நல்ல பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்த முத்திரை இருந்த இடத்தில் சதுர ஓட்டை இருக்குமானால், விலையில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதே.

தரத்தையும் விலையையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முதன்முதலில் பெருமுயற்சி செய்தவர் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட். 1970-ல் அவர் வெளியிட்ட விலைக் கையேடு, இன்னின்ன இதழுக்கு இன்னின்ன நிலையில் இன்ன விலை என்று வரிசைப்படுத்தித் தந்தது. அதில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் சிறந்த பிரதிக்குக் குறித்திருந்த விலை 300 டாலர். எனினும், விற்பவன் கண்ணுக்கு 'மிக நன்று' என்று தோன்றுவது வாங்குபவன் கண்ணுக்குச் 'சுமார்' என்று தோன்றுகிற பழைய வழக்கைக் கையேட்டால் தீர்க்க முடியவில்லை. இருவரோடும் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதராக 2000-ஆம் ஆண்டில் சி.ஜி.சி. என்ற ஸ்தாபனம் வந்தது. கட்டணம் செலுத்தி அனுப்பப்படும் பிரதியை ஒருவருக்கு மேற்பட்ட பரிசோதகர்கள் பார்த்து, பத்தில் தொடங்கி அரைவரை இறங்கும் அளவையில் ஓர் எண் கொடுத்து, தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அடைத்து, மேலே ஒரு சீட்டையும் பதித்து அனுப்பிவிடுகிறார்கள். சீட்டு நீலமானால் சாதாரணம். கிழிசலை ஒட்டியோ, வண்ணம் போன இடத்தில் வண்ணம் பூசியோ, ஓரத்தை நறுக்கியோ செப்பனிட்டிருப்பது தெரிந்தால் ஊதாநிறச் சீட்டு. ஊதாவைக் கண்டதும் விலை சரிந்துவிடும். பழைய ஓவியத்தையும் கோயில் சிற்பத்தையும் செப்பனிடுவதைப் புண்ணியமாகக் கருதுகிற உலகம், இந்தப் பத்து சென்ட் புத்தகத்தில் மட்டும் அதைக் குற்றமாகப் பாவிக்கிறது. அதே சமயம், சூட்டாலும் ஈரத்தாலும் அழுத்திச் சுருக்கத்தைப் போக்குகிற வேலையை இந்த ஸ்தாபனம் செப்பனிடுதலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இந்த வித்தியாசத்துக்கு வியாபார சௌகரியத்தைத் தவிர வேறு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

உறைக்குள் போன புத்தகத்தை உறையை உடைக்காமல் படிக்க முடியாது. உடைத்தால் எண் போய்விடும். ஆக, கொடுக்கும் பணமெல்லாம் எவரும் வாசிக்காமல் விட்டதற்கான சன்மானம். ஒரு சிறுவன் தலையணைக்கடியில் வைத்து ராத்திரியில் எடுத்துப் படித்து, நண்பனுக்கு இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிய பிரதிக்கு அளவையில் இரண்டோ மூன்றோ கிடைக்கும். வாங்கிய அன்றே அலமாரிக்குள் போய் மறக்கப்பட்ட பிரதிக்கு ஒன்பதுக்குமேல். புத்தகத்தின் மேல் பிரியம் வைத்தவனுக்கு இந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அபூர்வமாய் இருப்பதற்குத்தானே சந்தையில் விலை? படிக்கப்பட்ட பிரதிகள் நூறு கிடைக்கும் இடத்தில், படிக்கப்படாதது ஒன்று கிடைத்தால் அதிகம்.

அந்த ஒன்றுக்கும் எல்லா இதழிலும் மதிப்பில்லை. ஒரு நாயகன் முதன்முதல் தோன்றியது, ஒரு பெரிய எதிரி பிறந்தது, முக்கியமான ஒருவர் இறந்தது என்று கதையின் சரித்திரத்தில் ஓர் இடம் இருக்கவேண்டும். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் பேன்டசி' 15-ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்தினார்கள். அதில் 9.4 தரமுள்ள பிரதி 2016-ல் 4,54,100 டாலருக்குப் போக, 9.6 தரமுள்ள பிரதி 2021-ல் 36 லட்சம் டாலருக்குப் போயிற்று. இடையே சந்தை முழுவதுமே சூடேறியது உண்மைதான். ஆயினும் அந்த 0.2-ன் பங்கை அலட்சியம் செய்வதற்கில்லை.

இந்த எண்களைக் கேட்டு லாபம் ஒன்றையே குறியாகக் கொண்டு இறங்கியவர்களின் கதை வேறுவிதம். 1991-ல் வெளியான 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் எண்பது லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்புப் பையில் அடைத்து விற்றபோது, பையைப் பிரிக்காமலே அடுக்கிவைத்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு யார் விலை கொடுப்பார்? அந்த எக்ஸ்-மென் இதழ் இன்றும் சில டாலர்களுக்குக் கிடைக்கிறது. மாயை கலைந்து கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் கம்பெனியே திவால் மனு போட்டது.

தமிழில் இந்த அபிமானத்துக்குக் குறைவில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸும் ஒரு தலைமுறையின் பால்யத்தை ஆட்கொண்டவை; மறுபதிப்புகள் வந்தபின்னும் முதற்பதிப்புகளைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்மவர்களின் பத்திரப்படுத்தும் முறையே வேறு. பத்துப் பதினைந்து இதழ்களை ஒன்றாக அடுக்கி, பைண்டரிடம் கொடுத்து, மூன்று பக்கமும் ஒட்ட வெட்டி, காலிகோ முதுகு வைத்துத் தைத்து வாங்கினால்தான் காப்பாற்றியதாகத் திருப்தி. மேற்கத்தியப் பரிசோதகர் கையில் இது அகப்பட்டால், நறுக்கிய ஓரத்துக்கும் ஊசி ஓட்டைக்கும் சேர்த்து அளவையின் அடியில் தள்ளிவிடுவார். எனக்கோ அந்தத் தைத்த கட்டுகளின்மேல் மரியாதை அதிகம். தனித்தனியாய் விட்டிருந்தால் அவற்றில் பாதி எடைக்குப் போயிருக்கும். அவற்றை மதிப்பிட எண்கள் தேவையில்லை. அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா, தொடர் முழுமையா, செல் அரித்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்து இருவர் பேசி முடித்துக்கொள்வதே போதுமானது.

புதிதாக இதில் இறங்க விரும்புகிறவர், அமிலம் கலவாத அட்டையொன்றை முதுகுக்கு வைத்து, மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையிலிட்டு, பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி, வெயிலும் ஈரமும் படாத அறையில் வைப்பாராக. நம் சீதோஷ்ணத்தில் பரணும் சுவரோர அலமாரியும் உதவா. தரம் குறைந்த பிரதியை வாங்குவதில் வெட்கமில்லை, படிக்கவாவது செய்யலாம். சூப்பர்மேன் காரைத் தூக்கும் அந்த முதல் இதழே எங்காவது கண்ணில் பட்டால் மட்டும், பர்ஸைத் திறப்பதற்கு முன் ஓர் அளவுகோலை எடுக்க வேண்டும். 1974-ல் அதன் பிரசுரகர்த்தரான டி.சி. கம்பெனியாரே அதை அச்சு அசலாகப் பெரிய அளவில் மறுபதிப்பு செய்து, மேலே வேறோர் அட்டை போட்டு விற்றார்கள். அந்த மேலட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மூலப்பிரதி என்று விற்கிற சாமர்த்தியசாலிகள் உண்டு. மூலப்பிரதியின் உயரம் சுமார் பத்தரை அங்குலம்; மறுபதிப்போ பதின்மூன்றுக்குமேல்.