உங்களுக்குத் தெரியுமா? ஒயருக்குள் ஓடும் இசை

● பெங்களூர் காக்ஸ் டவுன் பழைய வீடுகளில் ஹால் நீளமானது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரோரம், ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில் என்றால் மூலை சுற்றிப் போக 10 மீட்டர் ஒயர் பிடித்துவிடும். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் செம்பின் நீளம் 20 மீட்டர். எலக்ட்ரீஷியன்கள் 'ஒரு ஸ்கொயர்' என்று சொல்லும் 1 சதுர மி.மீ. ஒயரில் இதன் மின்தடை சுமார் 0.34 ஓம். 'ரெண்டரை ஸ்கொயர்' என்றால் 0.14 ஓம்தான். ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்தை ஒயர் தாண்டக் கூடாது என்பது ஆடியோக்காரர்களின் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டுமே போதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு ஸ்கொயர் தேறாது.

● ஒயர் மெல்லியதாக இருந்தால் சத்தம் மட்டுமா குறையும்? பின்பக்கம் 8 ஓம் என்று அச்சடித்திருந்தாலும் ஸ்பீக்கரின் ஓம் அளவு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். அது இறங்கும் இடங்களில் ஒயர் அதிகம் விழுங்கும், ஏறும் இடங்களில் விட்டுவிடும். அதனால் மிருதங்கத்தின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் இருக்கும் சமநிலையே சற்றுப் பிசகலாம்.

● வெள்ளி ஒயர் விலை கேட்டால் தலை சுற்றும். செம்பைவிட வெள்ளி மின்சாரத்தைக் கடத்துவது சுமார் 6 சதவீதம் மட்டுமே அதிகம். ஒரு ஸ்கொயரை விட்டு ஒன்றரை ஸ்கொயர் செம்பு வாங்கினால் ஒரேயடியாக 50 சதவீதம்! காசைத் தடிமனில் போடுங்கள்.

● எல்.பி. ரெக்கார்டு கேட்பவர்களுக்குக் கதையே வேறு. அங்கே தடிமனுக்கு வேலையில்லை, மின்தேக்குத்திறன்தான் ராஜா. காந்தம் அசையும் வகை கார்ட்ரிட்ஜுக்குள் மயிரிழை போன்ற கம்பிச் சுருள் இருக்கிறது. ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95இ மாடலில் அதன் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி. இது கேபிளின் மின்தேக்குத்திறனோடு சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். மொத்தம் 200 பைக்கோஃபாரட் என்றால் அது 15,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். 400 ஆனால் 10,700-க்கு இறங்கிவிடும். வயலின் வில்லின் உரசலும் ஜால்ராவின் மினுமினுப்பும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அந்த கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்லும் அளவு 100 முதல் 200 வரை. சாதாரண ஷீல்டு கேபிளில் மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் சகஜம். டர்ன்டேபிளை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து கேபிளை நீட்டினால் 200 கூடிவிட்டது, கணக்கு முடிந்தது. சிடி பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே கேபிள் அங்கே காதுக்கு எட்டாத உயரத்தில்தான் எதையாவது வெட்டும்.

● டெலிபோன் லைனில் இதே மின்தேக்குத்திறன் கோளாறு கிலோமீட்டர் கணக்கில் வந்தது. ஒயரில் வேண்டுமென்றே மின்தூண்டலைக் கூட்டினால் பேச்சு தெளியும் என்று 1887-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலிவர் ஹெவிசைட்.

● இடது ஸ்பீக்கர் ஒயரும் வலது ஸ்பீக்கர் ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டுமா? நேரத்துக்காக என்றால் வேண்டாம். கேபிளில் மின்குறிப்பு வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, காற்றில் ஒலியோ 343 மீட்டர். காக்ஸ் டவுனிலிருந்து மெஜஸ்டிக் வரையுள்ள ஆறு கிலோமீட்டருக்கு ஒயர் இழுத்தாலும் அதனால் வரும் தாமதம், நீங்கள் தலையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவதற்குச் சமம்.

● சிவாஜிநகர் செயின்ட் மேரீஸ் பெருவிழாவில் செப்டம்பர் 8 வரை தெரு நெடுக ஒலிபெருக்கிகள். அத்தனை நீளத்துக்கு ஒயர் எப்படித் தாங்குகிறது? இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே ஆம்ப்ளிஃபயரின் பின்னால் '100 வோல்ட் லைன்' என்று ஒரு முனை உண்டு. 100 வாட்டை 8 ஓமுக்கு நேராக அனுப்பினால் மூன்றரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் போதும், ஒயரில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். ஒலிபெருக்கியிலுள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மறுபடி இறக்கிக்கொள்ளும். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனதும் இதே தத்துவத்தில்தான். பெங்களூருக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல்.

● எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கர் ஒயர் வாங்கும்போது ஒரு நரம்பைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கையில் தூக்கினாலே லேசாக இருக்கும்.

● ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரமா? பல சமயம் கேபிளின் தரம் காரணமல்ல. டிவி ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கில் இருக்கும். இரண்டின் எர்த்துக்கும் நடுவே ஆடியோ கேபிள் ஒரு வளையத்தை முடித்துவைக்கிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் புகுந்துகொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ரீங்காரம் போகட்டும் என்று எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால், தொட்டவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும்.