மூலிகைப் பொடியில் இருப்பது எந்தச் செடி? மெல்லடுக்கு வண்ணப்பிரிகைச் சோதனை குறித்த விளக்கம்

செடியாக நிற்கும்போது ஒரு மூலிகையை அதன் இலை, பூ, காய் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். அதை உலர்த்தி, இடித்து, சலித்துப் பொடியாக்கிய பின் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அறியக்கூடியது மிகக் குறைவு. பச்சை கலந்த பழுப்பு நிறப் பொடிகள் பலவும் ஒன்றுபோலவே தோன்றும். உறையில் அச்சிட்டுள்ள பெயருக்குரிய செடிதான் உள்ளே இருக்கிறதா என்பதை அறிய ஆய்வகங்கள் கையாளும் முதல்நிலைச் சோதனைகளுள் ஒன்று மெல்லடுக்கு வண்ணப்பிரிகை. இச்சோதனை எதை உறுதிப்படுத்தும், எதை உறுதிப்படுத்தாது என்பதை அறிந்திருந்தால், மருந்து வாங்கும்போதும் மருத்துவரிடம் கலந்து பேசும்போதும் தக்க வினாக்களை நீங்கள் எழுப்ப இயலும்.

செடி மாறினால் என்ன நேரும்?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் எடையைக் குறைக்கச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. அவர்கள் உட்கொண்ட மருந்தில் சீன மூலிகைப் பொடிகள் சேர்க்கப்பட்டிருந்தன. சிறுநீரக மருத்துவர் வான்ஹெர்வெகம் தலைமையிலான குழு 1993-ஆம் ஆண்டு இதனை மருத்துவ உலகிற்கு அறிவித்தது. ‘ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா’ என்னும் செடியின் வேருக்குப் பதிலாக ‘அரிஸ்டலோக்கியா ஃபாங்சி’ என்னும் வேறொரு செடியின் வேர் வந்து சேர்ந்திருந்ததே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. சீன மொழியில் இவ்விரு வேர்களும் ‘ஃபாங் ஜி’ என்ற பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாவது வேரில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கக் கூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிப்புக்குள்ளாயினர். பலருக்கு டயாலிசிஸ் சிகிச்சையோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது.

அரிஸ்டலோக்கியா பேரினத்தைச் சேர்ந்த ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகிய செடிகள் நம் நாட்டிலும் வளர்கின்றன. இவற்றிலும் அவ்வமிலம் உண்டு. இப்பேரினச் செடிகள் அடங்கிய மூலிகை மருந்துகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ஆம் ஆண்டு வகைப்படுத்தியுள்ளது. எனவே, பிறர் சொல்லக் கேட்டு இவற்றைத் தாமாக உட்கொள்ளுதல் கூடாது.

சோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

கீழாநெல்லியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காமாலைக்கு நம் மக்கள் பெரிதும் நாடும் மூலிகை இது. வயல் வரப்புகளில் இதனோடு சேர்ந்து, இதே பேரினத்தைச் சேர்ந்த மேலாநெல்லி முதலிய செடிகளும் வளர்கின்றன. அறுவடையின்போது இவை கலந்துவிடுதல் எளிது. ஒரு பொடியில் உள்ளது கீழாநெல்லிதானா என்பதை ஆய்வகத்தினர் பின்வரும் படிகளில் அறிகின்றனர்.

முதலில், பொடியைச் சாராயம் போன்ற ஒரு கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டிச் சாறு எடுக்கப்படுகிறது. கண்ணாடி அல்லது அலுமினியத் தகட்டின்மீது சிலிக்கா ஜெல் என்னும் வெண்ணிறப் பொருள் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனில் பூசப்பட்டிருக்கும். சோதனையின் பெயரில் உள்ள ‘மெல்லடுக்கு’ இதுவே. தகட்டின் அடிப்பகுதியில் சாற்றின் ஒரு சிறு துளி வைக்கப்படுகிறது. அதன் அருகிலேயே, உண்மையான கீழாநெல்லி என முன்னரே உறுதிசெய்யப்பட்ட மாதிரியின் சாறும், அதில் காணப்படும் ஃபில்லாந்தின் என்னும் வேதிப்பொருளின் தூய கரைசலும் வைக்கப்படுகின்றன.

பின்னர், சிறிதளவு கரைப்பான் ஊற்றப்பட்ட மூடிய கண்ணாடித் தொட்டியில் தகடு நிறுத்தப்படுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலவே, கரைப்பான் மெல்லடுக்கின் வழியே மேலேறும். சாற்றில் உள்ள பொருள்களும் அதனுடன் நகரும். சிலிக்கா ஜெல்லுடன் இறுகப் பற்றிக்கொள்ளும் பொருள் கீழேயே தங்கும். கரைப்பானோடு எளிதில் செல்லும் பொருள் உயரே செல்லும். இவ்வாறு ஒரே துளியில் கலந்திருந்தவை தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிகின்றன.

புள்ளிகள் பல கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைக் காணத் தகட்டைப் புற ஊதா ஒளியில், வழக்கமாக 254, 366 நானோமீட்டர் அலைநீளங்களில், பார்க்கின்றனர். தகுந்த வேதிக் கரைசலைத் தெளித்துச் சூடாக்கியும் நிறம் வரவழைப்பர். மஞ்சள் தூளுக்கு இந்த உதவி தேவையில்லை. அதிலுள்ள குர்க்குமினும் அதன் உறவுப் பொருள்கள் இரண்டும் மூன்று மஞ்சள் புள்ளிகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும்.

புள்ளிகளை எவ்வாறு படிக்கின்றனர்?

ஒரு பொருள் நகர்ந்த தூரத்தை, கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தால் கிடைப்பது ஆர்.எஃப். மதிப்பு. கரைப்பான் 8 செ.மீ. ஏறியிருக்க, ஒரு புள்ளி 4 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதன் மதிப்பு 0.5. ஒரே வகைத் தகட்டில், ஒரே கரைப்பானில், ஒரே சூழலில் ஒரு பொருளின் இம்மதிப்பு பெரிதும் மாறாது. ஆயினும், தனியொரு புள்ளியை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. புள்ளிகளின் வரிசை, நிறம், அடர்த்தி ஆகிய அனைத்தையும் உறுதிசெய்யப்பட்ட மாதிரியுடன் ஒப்பிடுகின்றனர். இவ்வரிசையே அச்செடியின் கைரேகை போன்றது.

மேற்கூறிய இரு சீன வேர்களும் இச்சோதனையில் எளிதில் வேறுபடுகின்றன. ஸ்டெபானியா வேரில் உள்ள டெட்ராண்ட்ரின் என்னும் ஆல்கலாய்டு, டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆரஞ்சு நிறம் பெறும். அரிஸ்டலோக்கிக் அமிலமோ வேறிடத்தில் மஞ்சள் புள்ளியாகத் தோன்றும். இருக்க வேண்டியது இல்லை, இருக்கக் கூடாதது இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே தகடு காட்டிவிடும்.

இம்முறையின் தொடக்கமே மருந்துத் தாவரங்களோடு தொடர்புடையது. 1938-ஆம் ஆண்டு கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் ஆகியோர் மருந்துத் தாவரச் சாறுகளை ஆராய இதன் முதல் வடிவத்தைக் கையாண்டனர். 1950களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஏகான் ஷ்டால் இதனைச் சீர்ப்படுத்திய பின் உலகெங்கும் பரவியது. இந்திய அரசின் ஆயுர்வேத, சித்த மருந்துத் தரநூல்களிலும் மூலிகைகளை அடையாளம் காணும் சோதனைகளுள் ஒன்றாக இது இடம்பெற்றுள்ளது.

இச்சோதனை எவற்றைக் காட்டாது?

இச்சோதனையில் தேறிய மருந்து முற்றிலும் பாதுகாப்பானது என்று பொருள் கொள்ளலாகாது.

• ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற உலோகங்களை இது காட்டாது. அவற்றுக்குத் தனிச்சோதனை உண்டு. மஞ்சள் தூளில் நிறத்திற்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட்டும் இவ்வாறே தப்பிவிடும்.
• பாக்டீரியா, பூஞ்சை ஆகிய கிருமிகளின் எண்ணிக்கையை இது காட்டாது.
• வழக்கமான முறையில் ஒரு பொருளின் இருப்பு தெரியுமேயன்றி, அதன் அளவு துல்லியமாகத் தெரியாது. அதற்குக் கருவிகளின் துணையுடன் செய்யப்படும் உயர்திறன் மெல்லடுக்கு வண்ணப்பிரிகை போன்ற முறைகள் தேவை.
• அம்மருந்து உங்கள் நோயைக் குணமாக்குமா என்பதை எத்தகடும் சொல்லாது. சரியான கீழாநெல்லியே ஆனாலும், பித்தநாள அடைப்பினால் வந்த காமாலையில் அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால் காரணத்தைக் கண்டறியும் பரிசோதனையே முதலில் வேண்டும்.

கலப்படமாகச் சேர்க்கப்படும் ஆங்கில மருந்துகள்

மூட்டுவலி, ஆஸ்துமா ஆகியவற்றுக்கெனப் பெயரின்றி விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் மறைவாகச் சேர்க்கப்படுவதுண்டு. உரிய தூய மாதிரியுடன் ஒப்பிட்டுச் சோதித்தால், மூலிகையின் வரிசையில் இல்லாத புதிய புள்ளியாக அவை வெளிப்படும். இத்தகைய பொடியை உட்கொண்டவுடன் வலி வியக்கத்தக்க வேகத்தில் நீங்கலாம். நாளடைவில் முகம் உப்புதல், இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயர்தல், எலும்பு மெலிதல் ஆகியவை தொடரும். பல வாரங்கள் உட்கொண்ட பின் ஐயம் ஏற்பட்டால், தாமாகத் திடீரென நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு சட்டென்று நிற்பதும் ஆபத்தை விளைவிக்கும். அன்றே மருத்துவரை அணுகி, அவர் கூறும் முறையில் நிறுத்துக.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உற்பத்தி நாள், காலாவதி நாள், உட்பொருள்கள் ஆகியவை அச்சிடப்பட்ட மருந்தையே வாங்குக.
• உட்பொருளின் தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரும் உள்ளதா எனப் பார்க்க. ஒரே வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளைக் குறிக்கலாம்.
• நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதாயின், பொடியாக அன்றி முழு மூலிகையாக வாங்கி, பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்க.
• ‘சோதிக்கப்பட்டது’ என்று கூறப்பட்டால், எந்தத் தொகுதி, எந்தெந்தச் சோதனைகள் என்று கேட்க. அடையாளச் சோதனையும் உலோகச் சோதனையும் வெவ்வேறு என்பதை நினைவில் கொள்க.
• சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களும், கருவுற்ற தாய்மாரும், நாள்தோறும் பிற மருந்து உட்கொள்வோரும் மருத்துவரின் ஆலோசனையின்றி எம்மூலிகையையும் உட்கொள்ள வேண்டாம்.
• மருத்துவமனைக்குச் செல்லும்போது, உட்கொண்டுவரும் மூலிகை மருந்தை அதன் உறையுடன் எடுத்துச் செல்க. பராமரிப்பாளர் இதனை மறவாமல் செய்தல் நலம்.
• சிறுநீர் குறைதல், கால் வீக்கம், தொடர் வாந்தி, கண் மஞ்சளாதல், தோல் தடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையை அணுகுக. எஞ்சிய மருந்தை எறிந்துவிடாமல் வைத்திருக்க. ஆய்வகம் சோதித்து உண்மையை அறிய அதுவே சான்றாகும். அதன் தொகுதி எண்ணையும் தெரிவித்தால், அதே மருந்தை உட்கொள்ளும் பிறரையும் எச்சரிக்க இயலும்.

இப்பக்கத்திலுள்ள தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் கேட்டறிக.