கடிக்கும் நாய்க்குட்டி



வீட்டுக்கு நாய்க்குட்டியொன்று வந்துசேர்ந்தால், முதல் இரண்டு மூன்று நாட்களும் அஃது எல்லோர்க்கும் செல்லப்பிள்ளை. அதற்குப் பெயர் வைப்பதில் ஒரு போட்டி. மடியில் வைத்திருப்பதில் மற்றொரு போட்டி. ஒரு வாரம் சென்றதும் கதை மாறிவிடுகின்றது. பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் குதிகாலைக் குட்டி கவ்வுகின்றது. முற்றம் கூட்டும் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றி இழுக்கின்றது. சாய்மனைக் கதிரையிற் கிடந்து பத்திரிகை படிக்கும் பாட்டனாரின் கால்விரலைக் கடிக்கின்றது. ஊசிபோன்ற பற்களாதலால் இரத்தமுங் கசிகின்றது. “இது பொல்லாத குட்டி, வளர்ந்தால் ஆளையே கடித்துக் குதறும்” என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பின்பு ஒருநாள் இரவு, அக்குட்டி சாக்கொன்றில் இடப்பட்டுச் சந்தையடியிலோ, கோயில் வீதியிலோ கொண்டுபோய் விடப்படுகின்றது.

அக்குட்டி செய்த குற்றந்தான் யாது? ஒருவரும் தனக்குக் கற்பியாத பாடமொன்றை அஃது அறியாதிருந்தது, அவ்வளவே. அந்தப் பாடம் எது, அதனைக் கற்பிக்கும் முறை எது, குட்டி கடித்த காயத்தை எவ்வாறு பேணுதல் வேண்டும் என்பனவற்றையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகின்றேன்.

நாய்க்குட்டிக்குக் கை இல்லை. குழந்தை கையால் தொட்டும் பற்றியும் உலகை அறிகின்றது. குட்டி அதனை வாயால் அறிகின்றது. செருப்பு, பாயின் விளிம்பு, தும்புத்தடி, மனிதரின் விரல் யாவும் அதற்கு ஒன்றே. பிறந்து மூன்றாம் வாரமளவில் அதன் பாற்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அவை மொத்தம் 28. ஏறக்குறைய நான்காம் மாதந்தொட்டு அவை ஒவ்வொன்றாக விழ, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைத்த பற்கள் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. பல் மாறும் அக்காலத்தில் முரசு நமைச்சல் எடுப்பதால் எதையேனும் கடித்துக்கொண்டிருக்கவே குட்டி விரும்பும்.

கடித்தல் இயல்பு என்றால், எல்லாக் குட்டிகளும் ஒரே அளவாய்க் கடிப்பதில்லையே, அஃது ஏன் என நீங்கள் வினவலாம். விடை தாயின் மடியருகே இருக்கின்றது. ஒரே ஈற்றுக் குட்டிகள் நாள்முழுதும் ஒன்றையொன்று கடித்து விளையாடுகின்றன. ஒரு குட்டி அளவுக்கு மிஞ்சிக் கடித்துவிட்டால், கடியுண்ட குட்டி வீரிட்டுக் கத்தி விளையாட்டை விட்டு விலகிவிடும். தாயும் பால் கொடாது எழுந்து போய்விடும். “வலிக்கக் கடித்தால் விளையாட்டும் இல்லை, பாலும் இல்லை” என்னும் பாடத்தை இவ்வாறு தன் உடன்பிறப்புகளிடமும் தாயிடமும் குட்டி கற்றுக்கொள்கின்றது. தாடையின் வலிமையை அடக்கியாள அது பழகும் பள்ளிக்கூடம் இதுவே.

நம்மவருட் பலர், நான்கைந்து வாரக் குட்டியையே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்துவிடுகின்றனர். பால்குடி மறக்குமுன் வந்தால் வீட்டாருடன் நன்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துப் பார் ஹாபர் என்னும் ஊரில், ஸ்கொட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டுகளாக நாய்களை வளர்த்து ஆராய்ந்து, தம் முடிபுகளை 1965 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, நாய்க்குட்டி தன் இனத்தோடும் மனிதரோடும் பழகும் முறையைப் படிக்குங் காலம் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. ஆகவே, எட்டு வாரம் நிரம்பும்வரை குட்டியைத் தாயோடு விட்டுவைத்து, அந்நாட்களில் மனிதர் கையும் அதன்மேற் பட்டுவரச் செய்வதே தக்கது. அதற்குமுன் பிரிக்கப்பட்ட குட்டி, பாதிப் பாடத்தோடு பள்ளியை விட்டு வந்த பிள்ளை. மீதிப் பாடத்தை வீட்டார் தாம் கற்பித்தல் வேண்டும்.

வீட்டார் கற்பிப்பது எவ்வாறு இருக்கின்றது என்று பார்ப்போம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி கடித்ததும் தகப்பனார் அதன் மூக்கில் அடிக்கின்றார். தாயார் கூக்குரலிட்டு ஓடுகின்றார். மூத்த மகன் சிரித்துக்கொண்டே இன்னும் கையை நீட்டி மல்லுக்கட்டுகின்றான். அப்பாச்சியோ, “பாவம், அதுக்குப் பசிபோல” என்று ரொட்டித் துண்டொன்றை எறிகின்றார். ஒரே செயலுக்கு நான்கு மறுமொழிகள்! அடிப்பவருக்கு அஞ்சவும், ஓடுபவரைத் துரத்தவும், மகனோடு இன்னும் வலுவாகக் கடித்து விளையாடவும், அப்பாச்சியைக் கடித்தால் உணவு கிடைக்கும் என்று நம்பவும் குட்டி படித்துக்கொள்கின்றது. அது நன்றாகத்தான் படிக்கின்றது. பாடம் பிழையாக இருக்கின்றது.

ஆதலால் முதலாவது விதி, வீட்டுக்கு ஒரே சட்டம். பற்கள் மனிதர் தோலிற் படும் அக்கணமே விளையாட்டு முடிந்தது என்பதே அச்சட்டம். கையை வெடுக்கென்று இழுத்தல் கூடாது. ஓடுகின்ற பொருளைத் துரத்திப் பிடித்தல் நாயின் பிறவிக்குணம். கையை அசையாது தளரவிட்டு, “போதும்” என்று அமைதியாக ஒரு சொற் சொல்லி, எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதனைப் பார்க்கவும் பேசவும் வேண்டா. அரை நிமிடம் சென்றபின், அமைதியடைந்திருந்தால் மறுபடியும் விளையாடுங்கள். பின்தொடர்ந்து காலைக் கவ்வினால், அறையினுட் சென்று கதவைச் சாத்திச் சிறிது நேரம் கழித்து வாருங்கள். உடன்பிறந்த குட்டி செய்ததையே நாமும் செய்கின்றோம். குட்டியைப் போலக் கீச்சிட்டுக் கத்துமாறு சிலர் கூறுவர். அதனால் அடங்கும் குட்டிகளும் உள. இன்னும் வெறிகொண்டு பாயும் குட்டிகளும் உள. உங்கள் குட்டி எவ்வகையினது என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, “இதைக் கடியாதே” என்று தடுத்தால் மட்டும் போதாது. “இதைக் கடி” என்று ஒன்றைக் கொடுத்தலும் வேண்டும். முடிச்சிட்ட தடித்த பருத்திக் கயிறு, நனைத்து முறுக்கிய பழைய துவாய் என்பன நல்லவை. துவாயைக் குளிரச் செய்து கொடுத்தால் பல் முளைக்கும் முரசுக்கு இதமாயிருக்கும். நார் பிரிந்து வந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் குடலை அடைத்துவிடும். சமைத்த கோழியெலும்பு வேண்டா. அது பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பழஞ்செருப்பும் வேண்டா, பழையது எது, புதியது எது என்று குட்டிக்குத் தெரியாது.

மூன்றாவது, உறக்கம். குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணித்தியாலம்வரை உறங்க விரும்பும். மாலையானதும் சில குட்டிகள் வீடெங்கும் ஓடிக் கண்டவரையெல்லாம் கடிப்பதைக் காணலாம். அஃது பெரும்பாலும் களைத்துப்போன குழந்தையின் அடம் போன்றதே. சந்தடியற்ற மூலையொன்றில் சாக்கு விரித்துப் படுக்கவிட்டால் சிறிது நேரத்தில் உறங்கிவிடும். நாள்முழுதும் சங்கிலியிற் கட்டிவைத்துவிட்டு, அவிழ்த்த வேளையில் மேலே பாய்கின்றதே என்று கோபிப்பதும் முறையன்று. நடக்கவும் மோந்து பார்க்கவும் அதற்கு நாடோறும் நேரம் வேண்டும்.

“அடியாத மாடு படியாது” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனரே என்று சிலர் எண்ணக்கூடும். நாய்க்குட்டி வளர்ப்பில் இப்பழமொழி உதவாது. மூக்கில் அடித்தல், வாயைப் பிடித்து இறுக்குதல், மல்லாக்கப் புரட்டி அமுக்குதல், வாயில் மிளகாய் தேய்த்தல் ஆகியவற்றால் குட்டி கற்பது ஒன்றே: மனிதரின் கை தீங்கு செய்யும் என்பது. பின்பு அன்பாகத் தடவ நீட்டும் கையையும் அஃது அஞ்சிக் கடிக்கும். உறுமுகின்ற குட்டியை உறுமியதற்காக அடித்தலும் அத்தகையதே. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியை உடைத்துவிட்டால் ஆபத்து அகன்றுவிடாது, அறிவியாமல் வந்துசேரும்.

வீட்டிலே சிறு பிள்ளைகள் இருப்பின் இரட்டிப்பு விழிப்பு வேண்டும். பிள்ளை கத்திக்கொண்டு ஓடினால் குட்டி துரத்தும். துரத்தினால் பிள்ளை இன்னும் கத்தும். “குட்டி பாய்ந்தால் ஓடாதே, மரம்போல நில், கைகளைக் கட்டிக்கொள்” என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். உறங்குங் குட்டியையும் உண்ணுங் குட்டியையும் தொடலாகாது என்பதும் பிள்ளைகள் அறியவேண்டிய பாடமே. உண்ணும்போது கோப்பையைப் பறித்துச் சோதிப்பது பெரியோருக்கும் ஆகாது. மாறாக, பெரியவர் ஒருவர் அருகே செல்லும்போதெல்லாம் நல்ல இறைச்சித்துண்டு ஒன்றைக் கோப்பையில் இட்டுச் சென்றால், மனிதர் வருவது பறிப்பதற்கன்று, கொடுப்பதற்கே என்று குட்டி உணரும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையும் நாயையும், அஃது எவ்வளவு சாதுவாயினும், தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

இங்ஙனம் நடந்தால், சில வாரங்களிற் கடியின் வலிமை குறைவதைக் காண்பீர்கள். பல் மாறுங்காலத்தில் மீண்டும் சற்றே கூடினாலும், ஏழெட்டு மாதமளவில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆயினும் எல்லாக் கடியும் விளையாட்டன்று. உடல் விறைத்து, பார்வை ஒரிடத்தில் நிலைத்து, பல்லைக் காட்டி உறுமிக் கடிப்பது வேறு. சாதுவான குட்டி திடீரெனக் கடிக்கத் தொடங்கினால், காதுநோவோ வேறு வலியோ காரணமாகலாம். இத்தகைய குட்டியைக் காலந்தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி, காயத்தைப் பற்றி. “குட்டிதானே கடித்தது, வீட்டு நாய்தானே” என்று பலர் அசட்டையாய் விட்டுவிடுகின்றனர். நீர்வெறுப்பு நோய், அதாவது விசர்நாய்க்கடி நோய், நாயின் வயதைப் பார்ப்பதில்லை. சில வாரக் குட்டிக்கும் அது தொற்றலாம். அக்குட்டியின் பல்லால் மட்டுமன்றி, கீறலில் அதன் உமிழ்நீர் படுவதாலும் மனிதருக்கு வரலாம். நோய்க்கிருமி நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம்வரை எந்தக் குறியும் தோன்றாது. குறிகள் தோன்றியபின் உயிர் தப்புதல் மிகமிக அரிது. குறிகள் தோன்றுமுன் தக்க சிகிச்சை பெற்றால், இந்நோயை முற்றிலும் தடுத்துவிடலாம்.

கடித்தவுடன் காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நீண்ட நேரமாய்த் தோன்றும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, தேசிக்காய் எதையும் அப்பாதீர்கள். பின்பு அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, எந்த நாய், ஊசி போட்டதா, எவ்வாறு கடித்தது என்பவற்றை ஒளியாது கூறுங்கள். ஊசி வேண்டுமா, வேண்டாவா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. கடித்த குட்டியைக் கொல்லவோ, துரத்தவோ வேண்டா. கட்டிவைத்துப் பதினான்கு நாட்கள் கவனியுங்கள். அது நோயுற்றாலோ, இறந்தாலோ, காணாமற் போனாலோ உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

இலங்கையில் விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இருந்தும், 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், கடியுண்டோர்க்குச் சிகிச்சை அளிப்பதும் பெருகியமையால் அத்தொகை பின்னர் பத்திலொரு பங்கிலும் குறைந்துவிட்டது. எஞ்சியுள்ள மரணங்களும் தடுக்கக்கூடியனவே. ஆகவே உங்கள் குட்டிக்கு உரிய வயதிலும், பின்பு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்து, அதற்குரிய அட்டையைப் பேணிவையுங்கள்.

இப்போது அந்தச் சாக்குக் குட்டியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கடிக்கின்றதே என்று தெருவில் விடப்பட்ட குட்டி எங்கே போகின்றது? ஊசியின்றி, உணவின்றி, விசர்நாய்கள் திரியும் இடங்களில் தானும் ஒன்றாகத் திரிகின்றது. ஒரு வீட்டார் தம் பிள்ளையின் குதிகாலைக் காக்க எண்ணிச் செய்த செயல், அயல்வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு உலையாகக்கூடும். குட்டியை வளர்க்க முடியாதெனில், பொறுப்புடன் வளர்ப்பார் ஒருவர் கையில் ஒப்படையுங்கள்.

வளர்க்க முடியும் என்போர் செய்யவேண்டியது சிறிது. இன்றிரவு சாப்பாட்டின்போது வீட்டிலுள்ளோர் எல்லோரும் ஒருமுகமாகச் சட்டத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பற்கள் தோலிற் பட்டால் விளையாட்டு நிற்கும். அடியில்லை, கூச்சலில்லை, ரொட்டியுமில்லை. தகப்பனாரும், பிள்ளைகளும், அப்பாச்சியுங்கூட இச்சட்டத்துக்கு உடன்படல் வேண்டும். அப்பாச்சியை உடன்படச் செய்தல் சற்றுச் சிரமமாயிருக்கலாம். குட்டியைப் பழக்குவதிலும் அதற்கே பொறுமை அதிகம் வேண்டும்.